இரண்டாவது இடுக்கி

தையல்காரம்மா வலது கையை மேசைமேல் நீட்டி, "அழுத்திப் பாருங்க டாக்டர், உள்ள ஏதோ நறநறங்குது," என்றார்.

எலும்பு மருத்துவர் கட்டைவிரலால் மணிக்கட்டை மெல்ல அழுத்தினார். தோலுக்கு அடியில் பொடிப்பொடியாகக் குமிழிகள் நகர்ந்தன. ஈரமான பஞ்சைப் பிசைவது போன்ற சத்தம். மறுபடியும் அழுத்தினார். அதே சத்தம். அவர் முகம் சுருங்கியது.

பேருந்துப் படியிலிருந்து தவறி விழுந்து கை முறிந்து வந்தவர் தையல்காரம்மா. ஐந்து வாரத்துக்கு முன்பு அந்த எலும்பில் ஒரு தகடு வைத்துத் திருகியிருந்தார்கள். சாதாரணத் தகடு இல்லை. மக்னீசியக் கலவையில் செய்தது. எலும்பு கூடும்வரை தாங்கி நிற்கும், பிறகு ஒன்றரை இரண்டு வருடத்தில் உடம்போடு கரைந்துபோகும், எடுக்க இன்னொரு அறுவை தேவைப்படாது. அப்படித்தான் சம்மதப் படிவத்தில் எழுதியிருந்தது. இருபத்துநாலு பேருக்கு வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அதுவரை பதினோரு பேருக்கு வைத்தாகிவிட்டது. தையல்காரம்மா ஒன்பதாம் எண்.

எக்ஸ்ரே வந்தது. தகட்டின் ஒரு முனை எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. சுற்றிலும் கறுப்பாகக் காற்றுப் பைகள்.

"நாளைக்கே தகட்ட எடுத்துடணும்மா. வேற தகடு வச்சுடறேன். பழைய மாதிரி, கரையாதது," என்றார் மருத்துவர்.

"ரெண்டு வருஷத்துல கரையும்னு சொன்னீங்க. அஞ்சு வாரத்துல கரைஞ்சா எப்படி?"

"அது உங்க தப்பில்ல. என் தப்பும் இல்ல. தகடு பண்ணினவங்க தப்பு."

"யாரு பண்ணினது?"

மருத்துவர் சொல்லாமல் இருக்க முடியாதவராக, "என் சம்பந்தியம்மா," என்றார்.

தையல்காரம்மா கையை இழுத்துக்கொண்டார். "உங்க குடும்பச் சண்டைக்கு நடுவுல என் கைய எதுக்குங்க வச்சீங்க?"

சண்டை என்று மருத்துவர் சொல்லவே இல்லை. ஆனால் அவர் சொன்ன தொனியில் கேட்கிற யாருக்கும் அது விளங்கியிருக்கும்.

*

சம்பந்தியம்மா உலோக ஆய்வகத்தின் தலைவி. இருபத்தாறு வருடமாக அவருடைய வேலை ஒன்றே ஒன்றுதான்: உலோகம் ஏன் அரிக்கிறது, எவ்வளவு வேகமாக அரிக்கிறது, அதை எப்படித் தள்ளிப்போடலாம். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் 'துரு மேடம்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். எலும்பு மருத்துவருக்கும் ஒரு பெயர் உண்டு. மருத்துவமனை முழுக்க அவர் 'சுத்தியல்'. தொடையெலும்புக்குள் உலோகத் தண்டை அடித்து இறக்கும்போது அடுத்த அறையில் இருப்பவர்களும் அடியை எண்ணலாம் என்பார்கள்.

துருவின் மகளும் சுத்தியலின் மகனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மகள் வழக்கறிஞர். மகன் கால்நடை மருத்துவர். தன் மகன் நாய்க்கு ஊசி போடுவதில் சுத்தியலுக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்த அன்று சுத்தியல் கேட்டார், "நீங்களும் டாக்டர்னு சொன்னாங்க. எதுல?"

"உலோகத்துல."

"ஓ," என்று சிரித்தார் அவர். "அந்த டாக்டரா."

துரு மேடம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமாங்க. எங்க பட்டறையிலயும் சுத்தியல் இருக்கு. ஆனா அதுக்கு நாங்க டாக்டர் பட்டம் குடுக்கிறதில்ல."

அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது, படம் எடுத்தார்கள், எல்லாப் படத்திலும் இருவரும் இரண்டு ஓரத்தில் நின்றார்கள்.

விதி என்று சொல்வதா, மேலதிகாரிகளின் முட்டாள்தனம் என்று சொல்வதா தெரியவில்லை. கல்யாணம் முடிந்த ஒரு வருடத்தில் கரையும் தகட்டு ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. உலோக ஆய்வகமும் மருத்துவமனையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அவரிடம் தகடு இருந்தது, நோயாளி இல்லை. இவரிடம் நோயாளி இருந்தார்கள், தகடு இல்லை. "சம்பந்திங்கதானே, உங்களுக்குள்ள பேசிக்குவீங்க," என்று இரண்டு நிறுவனத் தலைவர்களும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தகடுகள் பெட்டியில் போயின, கடிதங்கள் மின்னஞ்சலில் வந்தன. ஆய்வைப் பற்றி நேருக்கு நேர் பேசியது மொத்தமே நான்கைந்து முறை இருக்கும்.

*

எடுத்த தகடு வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வகத்துக்கு வந்தது. ஒரு பிளாஸ்டிக் குப்பி. மேலே 'ஒன்பது' என்று எழுதிய சீட்டு. உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ. அதற்குள் தகடு, அதிலிருந்து பொடிப் பொடியாய்க் குமிழி ஏறிக்கொண்டிருந்தது.

துரு மேடம் மூடியைத் திறந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு உலர்த்தினார். உப்புப் படிந்தது.

"உப்புத் தண்ணில போட்டு அனுப்பியிருக்கார்!" அவர் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் மெருகேற்றும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். "எடுத்ததும் துடைச்சு ஸ்பிரிட்ல போடுங்கன்னு தடிமனான எழுத்துல எழுதிக் குடுத்தேன். சாட்சியக் கொண்டுவந்து அமிலத்துல போட்ட மாதிரி பண்ணியிருக்கான் மனுஷன்!"

அன்று சாயங்காலம் மருத்துவரின் அறிக்கையும் வந்தது. ஒரே வரி. 'காரணம்: உலோகத்தின் தரக்குறைவு.'

துரு மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சனிக்கிழமையும் சேர்த்து ஒன்றரை நாள் மின்னணு நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார். உப்புத் தண்ணீர் தின்றது போக, ஒரு முனை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் அவர் கண்டது குழிகள். அரிப்பென்றால் குழி இருக்கத்தான் செய்யும், ஆனால் அது கண்டபடி சிதறிக் கிடக்கும். இவை வரிசையாக இருந்தன. இரண்டு வரிசை, குழிக்குக் குழி ஒரே இடைவெளி, மூன்றாவது குழி மட்டும் மற்றதைவிட ஆழம் குறைவு. ஏதோ கடித்த தடம். ஒவ்வொரு குழியின் அடியிலும் என்ன தனிமம் இருக்கிறது என்று கருவியைக் கேட்டார். இரும்பு என்றது. இன்னொரு குழி. இரும்பு.

மக்னீசியத்துக்கு இரும்பைப் போல எதிரி கிடையாது. ஒரு துணுக்கு ஒட்டினால் போதும், ஈரத்தில் அந்த இடம் மின்கலம் போல வேலை செய்து பல மடங்கு வேகத்தில் அரிக்கும், வாயு கிளம்பும். அதனால்தான் தகட்டை எலும்புக்குத் தகுந்தபடி வளைப்பதற்கென்று பல் இல்லாத டைட்டானிய இடுக்கி ஒன்றைத் தகட்டுப் பெட்டியோடு அவர் கொடுத்திருந்தார். இந்தத் தடமோ பல் வைத்த எஃகு இடுக்கியின் தடம்.

தொலைபேசியை எடுத்தார்.

"சம்பந்தி, தகட்ட எதால வளைச்சீங்க?"

"எதால வளைப்பாங்க? பிளையரால."

"எந்தப் பிளையர்?"

"என் தியேட்டர்ல என் கையில எது இருக்கணும்னு சம்பந்தியம்மா சொல்ல வேண்டாம்."

"இரும்பு இருக்கு அதுல. பல்லு தடம் இருக்கு."

"அப்ப உங்க பட்டறையிலயே யாராவது கடிச்சிருப்பாங்க," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

*

மறுநாள் ஞாயிறு. மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் வீட்டில் இரு தரப்பும் சேர்ந்து சாப்பிடுவது என்று மகள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். அதற்கு ஒரு விதியும் இருந்தது: மேசையில் எலும்பும் கிடையாது, உலோகமும் கிடையாது.

கால் மணி நேரம் விதி நின்றது. மகன் தான் வைத்தியம் பார்த்த ஒரு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கால் முறிந்த நாய். "தகடுதான் வச்சேன்," என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்தத் தகடு மாப்பிள்ள?" என்றார் துரு மேடம்.

"சாதா ஸ்டீல்தான் அத்த."

"நல்லா இருக்கா நாய்?"

"ஓடுது அத்த."

"பாத்தீங்களா," என்றார் சுத்தியல், தட்டைப் பார்த்தபடியே. "நாய்க்குக் கூட நல்ல தகடு கிடைச்சிருக்கு."

"நாய்க்கு வச்சவருக்கு எந்தப் பிளையர எடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு."

சுத்தியல் கரண்டியைத் தட்டில் போட்டார். "முப்பது வருஷமா எலும்ப ஒட்ட வைக்கிறேன். யாரு கையிலயும் காத்து வந்ததில்ல. உங்க சரக்கு வந்த பிறகு வந்திருக்கு."

"பத்துப் பேர் கையில வராதது ஒன்பதாவது ஆள் கையில மட்டும் ஏன் வந்துச்சு? ஒரே தடவ உருக்கி வார்த்த தகடு எல்லாம். உலோகம் மாறல, சம்பந்தி. கைதான் மாறியிருக்கு."

"பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"இன்னும் சொல்லல. சொல்ல வைக்காதீங்க."

மகள் எழுந்து இரண்டு பேர் தட்டையும் எடுத்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. "மாமா, எந்திரிங்க. அம்மா, நீயும் எந்திரி. கோர்ட்டுல வாரம் ஆறு நாள் இதத்தான் கேக்கறேன். ஏழாவது நாளும் என் வீட்டுல கேக்க முடியாது. ரெண்டு பேரும் சமாதானமாகி வாங்கன்னு கூடச் சொல்லல. இப்ப கிளம்புங்க."

மருமகளிடமிருந்து அதுவரை ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டிராத சுத்தியல் மகனைப் பார்த்தார். மகன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். மின்தூக்கியில் இருவரும் எட்டு மாடி ஒன்றாக இறங்கினார்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

*

திங்கட்கிழமை காலை துரு மேடம் கைப்பையில் ஒரு மெழுகுத் தகடு வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அறுவை அரங்கத்தின் கருவி அறைக்குப் பொறுப்பு ஒரு மூத்த செவிலி. எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள்.

"செருப்ப வெளியில விடுங்க," என்றார் பெரிய சிஸ்டர், தலையை நிமிர்த்தாமல். "தொப்பி போடுங்க. யார் நீங்க, என்ன வேணும்?"

"உங்க பிளையர் எல்லாத்தையும் பாக்கணும்."

"எதுக்கு?"

"தகடு பண்ணினது நான்தான்."

பெரிய சிஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வையில் வரவேற்பு எதுவும் இல்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஒரு தட்டு நிறைய இடுக்கிகளைக் கொண்டுவந்து 'டங்' என்று வைத்தார். "இது கழுவப் போற தட்டு. தொடலாம்."

துரு மேடம் ஒவ்வொன்றாக எடுத்து மெழுகில் கடிக்க வைத்து, பூதக்கண்ணாடியில் இடைவெளியைப் பார்த்தார். முதல் நான்கும் பொருந்தவில்லை. ஐந்தாவது, பிடியில் பச்சை நாடா சுற்றியது, பொருந்தியது. அதன் மூன்றாவது பல் தேய்ந்திருந்தது. தகட்டில் ஆழம் குறைந்திருந்ததும் மூன்றாவது குழிதான்.

"இதுதான்," என்றார். வெற்றியை மறைக்க அவருக்குத் தெரியாது.

"கிடைச்சுடுச்சா? சந்தோஷம்." பெரிய சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். "அத டாக்டர் கையில எடுத்துக் குடுத்ததே நான்தான். என்னக் கேட்டிருந்தா மெழுகு மிச்சமாகியிருக்கும்."

"நீங்களா? அதுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்திருந்தேனே!"

"குடுத்தீங்க. ஒண்ணு. அன்னைக்கு ரெண்டு ஆபரேஷன். முதல் ஆளுக்கு அதத்தான் எடுத்தோம். அத மறுபடி கழுவி, வேகவச்சு, ஆறி வர ரெண்டரை மணி நேரம் ஆகும். ரெண்டாவது ஆளு அதுக்குள்ள மயக்கத்துல, கையத் திறந்து வச்சுப் படுத்திருக்காங்க. ரெண்டரை மணி நேரம் எலும்ப வெளிய வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

"இன்னொண்ணு கேட்டிருக்கலாமே!"

"கேட்டோம். மூணு தடவ."

"எனக்கு வரல."

பெரிய சிஸ்டர் கைப்பேசியை எடுத்துத் தடவித் தடவித் தேடி, மூன்று கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். மருத்துவர் துரு மேடத்துக்கு அனுப்பியவை. நகல் பெரிய சிஸ்டருக்கு. மூன்றாவதில் கடைசி வரி: 'இதற்கும் பதில் வராவிட்டால், தேவைப்படும்போது எங்கள் இடுக்கியையே பயன்படுத்துவேன்.'

துரு மேடம் மூன்றின் தேதிகளையும் பார்த்தார். கல்யாணத்துக்கு மறுவாரம், எரிச்சலில், சம்பந்தியிடமிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாம் தானாகவே ஒரு தனி உறைக்குள் போய் விழுகிற மாதிரி கணினியில் ஏற்பாடு செய்திருந்தார். நிதானமாகப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த உறையை அவர் திறந்தது அபூர்வம். நோயாளிகள் பற்றிய படிவங்கள் வேறு வழியாக வந்ததால் எதுவும் குறையவும் இல்லை.

"ஒரே நாள்ல ரெண்டு ஆபரேஷன் எத்தன தடவ நடந்துச்சு?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"மூணு தடவ. ரெண்டாவதா படுத்தவங்க ஆறாம் நம்பர், ஒன்பது, பதினொண்ணு."

ஒன்பதின் கையிலிருந்து தகட்டை எடுத்தாகிவிட்டது. ஆறும் பதினொன்றும் இரும்பு கடித்த தகட்டோடு எங்கேயோ நடந்துகொண்டிருந்தார்கள்.

நடைவழியிலேயே நின்று மருத்துவரை அழைத்தார். "ஆறையும் பதினொண்ணையும் இன்னைக்கே கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்பத் தெரியும்."

"புதன்கிழமை பாதுகாப்புக் குழு கூடுது. அங்க பேசிக்கலாம்," என்று குரல் வந்தது. இணைப்பு அறுந்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பி அந்த உறையைத் திறந்தார். படிக்காத கடிதங்கள் முப்பத்தொன்று. ஒன்றுகூட மரியாதைக் குறைவாக எழுதப்படவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

அழித்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வராமலில்லை. அனுப்பியவரிடம் நகல் இருந்தாலும், தனக்கு வந்து சேரவில்லை என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அவ்வளவு சுலபம். கை விசைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூன்று கடிதத்தையும் அச்செடுத்தார்.

*

ஆய்வில் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்கிறதா என்று கண்காணிக்க மூன்று பேர் கொண்ட பாதுகாப்புக் குழு உண்டு. தலைவி, ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர். ஒரு காது கேட்காது. அதனால் அவர் முன்னால் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். சண்டைக்கு வந்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

சுத்தியல் ஒரு கோப்போடு வந்திருந்தார். ஓரத்தில் மஞ்சள் மையிட்ட தாள்கள் தெரிந்தன. என்ன தாள்கள் என்று துரு மேடத்துக்குத் தெரிந்தது. அவர் திறப்பதற்குள் இவர் எழுந்தார்.

"எஃகு இடுக்கியால் வளைத்ததால் தகடு அரித்தது. படம் இதோ. இடுக்கி இதோ. இரண்டாவது டைட்டானிய இடுக்கி வேண்டும் என்று எனக்கு மூன்று கடிதம் வந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. கடிதங்கள் இதோ." மூன்றையும் கத்தி வாசித்தார், கடைசி வரி உட்பட.

சுத்தியலின் கை கோப்பின் மேல் அப்படியே நின்றது. வீசுவதற்காகக் கொண்டுவந்த கல்லை எதிராளியே வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டால் எறிய வந்தவர் என்னதான் செய்வார்.

தலைவி அவர் பக்கம் திரும்பினார். "எஃகு இடுக்கி எடுத்தது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அறிக்கையில ஏன் எழுதல?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்ல."

"படிவத்துக்கு ஓரம்னு ஒண்ணு இருக்கே, டாக்டர். 'உலோகத்தின் தரக்குறைவு'ன்னு எழுத இடம் இருந்துச்சு."

சுத்தியலின் கழுத்து சிவந்தது. "அவங்க எனக்குப் பதிலே போடல! எட்டு மாசமா சுவத்தோட பேசிட்டிருந்தேன். மயக்கத்துல இருக்கிற நோயாளிய எழுப்பி அனுப்பவா?"

"ரெண்டாவது ஆளத் தள்ளிப்போட்டிருக்கலாம்!" என்று கத்தினார் துரு மேடம்.

"ஒரு பிளையர அனுப்பியிருக்கலாம்!" என்று கத்தினார் அவர்.

தலைவி மேசையைத் தட்டினார். "எனக்கு ஒரு காதுதான் கேக்கும், அதையும் கெடுத்துடாதீங்க. ஆறாம் எண், பதினோராம் எண். அவங்க எங்க?"

சுத்தியல் யாரையும் பார்க்காமல் சொன்னார், "திங்கக்கிழம சாயங்காலமே வரவழைச்சுப் படம் எடுத்துட்டேன். ஆறாவது ஆளுக்குக் குமிழி ஆரம்பிச்சிருந்துச்சு. நேத்து தகட்ட எடுத்தாச்சு. பதினொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. வாராவாரம் பாக்கிறேன்."

துரு மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார். தொலைபேசியில் முகத்தில் அறைந்தாற்போல் வைத்த மனிதர் அன்றே கூப்பிட்டிருக்கிறார். அதை இவரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"ஏன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார் தலைவி.

சுத்தியல் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆய்வு அன்றோடு நிறுத்தப்பட்டது. மூன்று நோயாளிகளையும் சம்பந்திகள் இருவரும் சேர்ந்தே நேரில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. ஆறாம் எண் ஒரு காவலாளி, கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பதினோராம் எண் கல்லூரி மாணவி, அழுதாள். கடைசியில் தையல்கடைக்குப் போனார்கள்.

*

இரண்டு தையல் இயந்திரம், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கயிற்றில் தொங்கும் பள்ளிச் சீருடைகள். ஒரு இயந்திரத்தில் தையல்காரம்மாவின் தங்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு பொத்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

மருத்துவர் தொடங்கினார். தொற்று, வாயு, திசு என்று இரண்டு வாக்கியம் போயிருக்கும், துரு மேடம் குறுக்கிட்டு, அது தொற்று இல்லை, அரிப்பு என்றார். அதைத்தான் சொல்ல வருகிறேன் என்றார் மருத்துவர். முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் இவர்.

தையல்காரம்மா கத்தரிக்கோலை இடது கையால் எடுத்துப் பலகையில் ஓங்கிப் போட்டார். இயந்திரம் நின்றது.

"நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. இரும்பு பட்டா இந்தத் தகடு கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"உங்க கையில இருக்கிறது இரும்புன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியும்."

"உங்க நர்ஸம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. கை என்னோடது."

கயிற்றில் தொங்கிய ஒரு சீருடையை இடது கையால் இழுத்துக் காட்டினார்.

"துணி வாங்கிட்டு வர்றது ஒருத்தர், வெட்டறது நானு, தைக்கிறது என் தங்கச்சி," என்றார் தையல்காரம்மா. "அக்குள்ள கிழிஞ்சா, போட்டுக்கிட்டு வந்தவங்ககிட்ட, துணி சரியில்ல, நூல் சரியில்லன்னு நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? அவங்க நடுத்தெருவுல நிக்கிறாங்க. அத மூட ஒரு துண்டு குடுக்க ஆளில்ல. சரி. நீங்க சொன்னது எதுவும் எனக்குத் தலையில நிக்கல. எழுதிக் குடுங்க. எனக்குப் புரியற மாதிரி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு."

முதல் தாளைச் சுத்தியல் எழுதி அனுப்பினார். பென்சிலால் பாதி வரிக்கு அடியில் கோடு போட்டு, 'புரியல' என்று எழுதித் திரும்பி வந்தது. இரண்டாவதைத் துரு மேடம் எழுதினார். அதில் கோடு குறைவு. ஆனால் கடைசியில் பென்சிலில் ஒரு குறிப்பு: 'காரணம்னு போட்டு எட்டு வரி எழுதியிருக்கீங்க. நிஜமான காரணம் இதுல இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கல. அத முதல் வரியா போடுங்க.'

அதை எழுத மாட்டேன் என்றார் சுத்தியல். அது அறிவியல் இல்லை என்றார் துரு மேடம். வாழ்க்கையில் முதல் முறையாக இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்து. மூன்று வாரம் அந்தத் தாள் துரு மேடத்தின் மேசைக்கும் சுத்தியலின் மேசைக்கும் நடுவில் கையெழுத்தில்லாமல் அலைந்தது. பெரிய சிஸ்டர்தான் ஒருநாள் மருத்துவரிடம், "அவங்க சொல்றது தப்பா டாக்டர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கருவித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சம்பந்திகள் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மகள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மறுபடி தொடங்கவில்லை. ஏழு மாதம் கழித்து ஆய்வு மீண்டும் தொடங்கியபோது பெட்டியில் டைட்டானிய இடுக்கி மூன்று இருந்தன, ஒரு நாளைக்கு ஒரு அறுவைதான் என்று விதியும் இருந்தது. இருவரும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினார்கள். வணக்கம் கிடையாது. எண்ணைச் சொல்லி, நிலையைச் சொல்லி வைத்துவிடுவார்கள். பதினோராம் எண் மாணவியின் தகடு கடைசிவரை தொல்லை கொடுக்கவில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்கும் ஒருமுறை சண்டை போட்டார்கள்.

ஆனால் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வரி இப்படி இருந்தது: 'இந்த ஆய்வை நடத்திய நாங்கள் இருவரும் எட்டு மாதம் ஒருவரோடொருவர் பேசவில்லை. அதனால் உங்கள் கையில் தவறான கருவி பட்ட தகடு வைக்கப்பட்டது.'

அதை எடுத்துக்கொண்டு இருவரும் மறுபடி தையல்கடைக்குப் போனார்கள். தையல்காரம்மாவின் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மணிக்கட்டு முக்கால்வாசி திரும்பியது. பொத்தான் தைப்பார், ஓரம் மடிப்பார். தடித்த துணியை வெட்டும் வேலை மட்டும் தங்கையிடம் போய்விட்டது, இனி திரும்ப வராது. தாளை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். ஒரு இடத்தில் உதடு அசைந்தது. பிறகு நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

மருத்துவர் தொண்டையைச் செருமினார். "வேற ஏதாவது சந்தேகம் இருந்தா..."

"இல்ல."

இருவரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். தையல்காரம்மா இயந்திரத்தில் உட்கார்ந்து நூலைக் கோர்க்கத் தொடங்கியிருந்தார்.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றார், தலை நிமிராமல். "போங்க."